பூவரசம்பூவும் 500 பிரதியும்

சொந்தக் காசில் படப் புத்தகம் போட்டவர்கள் பட்டதைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் கதை இது.

இருப்பது காரைக்குடி. காரைச் செடியால்தான் ஊருக்கே பேர் வந்தது என்பார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளில் ஒன்றுக்கும் அந்தச் செடி தெரியவில்லை. அந்தக் கடுப்பில் ஊர் மரங்களை வைத்து 24 பக்கத்தில் ஒரு புத்தகம் தயார் செய்தேன். வரைந்தவர் சென்னைக்காரர், போட்டோ பார்த்து வரைந்தார்.

கம்ப்யூட்டரில் பச்சை பளபளத்தது. சிவகாசியிலிருந்து மாதிரித் தாள் வந்தபோது வேம்பும் புங்கையும் பாசி பிடித்த ஊருணித் தண்ணீர் நிறத்தில் இருந்தன. "திரையில வர்றது வெளிச்சம், இங்க நாலு மைதான். அதுலயும் நீங்க மேப்லித்தோ தாள் கேட்டீங்க, அது மையைக் குடிக்கும். வழவழன்னு இருக்கிற ஆர்ட் தாள்னா நிறம் நிக்கும்" என்றார் அச்சகத்து அண்ணன். ஆர்ட் தாளுக்குக் காசு இல்லை. பச்சையைக் கொஞ்சம் வெளுப்பாக்கிச் சமாளித்தோம். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குச் செலவே இல்லை, அதைத் தருகிற மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சியில் இலவசம். அதற்கும் காசு கேட்கிறவர்கள் உண்டு, கொடுத்துவிடாதீர்கள்.

500 பிரதியும் வந்து இறங்கிய பிறகு (முன்னாலேயே காட்டியிருக்க வேண்டும், புத்தி வரவில்லை) பக்கத்து வீட்டு ஆச்சியிடம் ஒன்று கொடுத்தேன். வளவில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தார்கள். பூவரசில் விரல் நின்றது.

"ஏந்தம்பி, மரத்துலயும் மஞ்சள், கீழ கிடக்கிறதும் மஞ்சளா? காலையில மஞ்சளாப் பூத்தாலும் வாடி விழறப்ப செவந்துல்ல கிடக்கும்?"

அன்று சாயங்காலம் மரத்தடியில் போய்ப் பார்த்தேன். செவந்துதான் கிடந்தது.

அப்புறம் என்ன, திண்ணையில் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து, பிரதிக்கு மூன்று பூ வீதம் சிவப்புப் பென்சிலால் தீட்டினோம். ஆர்ட் தாளாக இருந்தால் பென்சில் வழுக்கியிருக்கும். நடுவில் ஒரு வாண்டு பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிக்கொண்டே இருந்ததில் தலைவலி வேறு.

—

தேவகோட்டையிலிருந்து:

உங்கள் புத்தகத்தை மூன்றாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஒரு பையன் எழுந்து, "சார், எங்க கம்மாயில இருக்கிற மரம் இதுல இல்லையே?" என்றான். அவன் கேட்டது சீமைக்கருவேலம். அதைப் போய் நட வேண்டாமே என்று சொன்னால், "நட வேணாம் சார், படமாவது போடலாம்ல?" என்கிறான்.

—

காரைக்குடிக்காரர் பதில்:

வேண்டுமென்றேதான் விட்டேன். பையன் கேட்டதும் நியாயம்தான். ஆனால் நடுவில் பின் அடிக்கிற புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் கூட்ட முடியாது, தாளை மடித்துச் செருகுவதால் கூட்டினால் நான்கு. சீமைக்கருவேலத்துக்கு ஒன்று போனால் மூன்று மிச்சம். இலுப்பை ஒன்று, சரி. மற்ற இரண்டுக்கு எதைப் போட, சொல்லுங்கள். இந்தத் தடவை ஆச்சி பார்க்காமல் அச்சுக்குப் போகாது.