நான்கு விரல் கணக்கு: பழைய டபுள் ஹோஸ் ரெகுலேட்டரை முதுகில் எங்கே கட்டுவது?

பித்தளைச்சட்டி:
போன வாரம் நீர்க்காகம் "டபுள் ஹோஸ் தொடங்குவது ரொம்ப ஈசி" என்று ஒன்று எழுதினார், ஆளாளுக்குக் கைதட்டினீர்கள். முக்குளிக்கும்போது மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டரில், டப்பா முதுகில் டேங்கோடு உட்கார்ந்து இரண்டு ஹோஸ் வாய்க்கு வரும் பழைய வகை அது. அதன் சாரம்: பழைய டிஏ அக்வாமாஸ்டர் மாடல் ஒன்று வாங்கு, டயாஃபிரமும் (தண்ணீர் அழுத்தத்துக்கு அசைந்து காற்றைத் திறக்கும் சவ்வு) டக்பில்லும் (வெளிமூச்சு போகும் வாத்தலகு வடிவ ரப்பர் வால்வு) புதுசு போடு, ஹோஸ் இரண்டையும் மாற்று, கையில் இருக்கும் ஜாக்கெட் பிசியிலேயே (மிதப்புக்குக் காற்று ஊதும் சட்டை) டேங்கை வழக்கம்போலக் கட்டு, மூச்சு கனமாக இருந்தால், டயாஃபிரம் அழுத்தியதும் காற்று வால்வைத் திறக்கும் லீவரைக் கொஞ்சம் தூக்கிவிடு.

முதல் மூன்றில் தகராறு இல்லை. கடைசி இரண்டைக் கேட்டு நடப்பவன் இரண்டாவது முக்குளிப்போடு ரெகுலேட்டரைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவான்.

சிங்கிள் ஹோஸில் டயாஃபிரம் வாய்க்கு முன்னால். இதில் அது முதுகுக்குப் பின்னால், டப்பாவுக்குள். குப்புற நீந்தும்போது நுரையீரலின் நடுவைவிட அது 15 செ.மீ. அளவுக்கு மேலே நிற்கும். அந்த 15 செ.மீ. தண்ணீர் அழுத்தத்தை ஒவ்வொரு மூச்சிலும் நெஞ்சுதான் இழுக்க வேண்டும். ஒழுங்காக டியூன் செய்த ரெகுலேட்டர் 2, 3 செ.மீ.யில் திறந்துவிடும். மிச்சம் முழுக்க இடத்தின் கோளாறு. லீவருக்கு அதில் வேலையே இல்லை.

தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் துருத்தும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். அதிலிருந்து நான்கு விரல் கீழே டப்பாவின் மேல்விளிம்பு வர வேண்டும். நான்கு விரல்.

நீர்க்காகம்:
சட்டி அண்ணே, நம்ம பதிவ இவ்ளோ கவனமா படிச்ச ஒரே ஆள் நீங்கதான், நன்றி. ஒரே ஒரு சந்தேகம். குப்புற மட்டமா நீந்துறான்னு நீங்களே சொல்றீங்க. மட்டமா இருக்கிற முதுகுல டப்பாவ நாலு விரல் நகர்த்தினா அது மேலயும் போகாது, கீழயும் போகாது, இடுப்புப் பக்கமா நகரும். அவ்ளோதான். உங்க 15 செ.மீ. அப்படியே 15 செ.மீ. எட்டாம் வகுப்பு ஜியோமெட்ரி.

அப்புறம், யாரோட விரல்?

பித்தளைச்சட்டி:
ஜியோமெட்ரி தெரிந்தவர் ஆள் நீந்துவதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். புதிதாக இறங்குபவன் ஒருவனும் மட்டமாக நீந்துவதில்லை. கால் தொங்கும், தலை நிமிரும், 30 டிகிரி சாய்வு சாதாரணம். நான்கு விரல் என்றால் 8 செ.மீ. 30 டிகிரியில் அதில் பாதி, அதாவது 4 செ.மீ. தண்ணீர் குறைகிறது. நிமிர்ந்து நின்றால் முழு 8 செ.மீ.யும் குறையும்.

இது போக, முதுகு பலகை இல்லை. கழுத்தை நெருங்க நெருங்க வளைந்து முன்னால் போகிறது, டேங்க் வளையாது. அதனால் கழுத்தடியில் டப்பா முதுகை விட்டு எழும்பி நிற்கும். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இறக்கினால் ஒட்டி உட்காரும். ஜாக்கெட் பிசியில் டேங்குக்கும் முதுகுக்கும் நடுவே பலகையும் மெத்தையும் வேறு. அதனால்தான் பழைய ஆட்கள் வெறும் ஹார்னஸில், அதாவது பட்டைகளில், முதுகோடு இறுக்கிக் கட்டினார்கள்.

உங்கள் விரல் சின்னது என்றால் ஐந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைப்படி:
4 செ.மீ. தண்ணீருக்கா இந்தக் கூத்து? ரெண்டு பேரும் தப்பான ரெகுலேட்டரோட மல்லுக்கட்டுறீங்க. மிஸ்ட்ரல்ங்கிற டபுள் ஹோஸ் வாங்குங்க. 1955ல பிரான்ஸ்ல வந்தது, சிங்கிள் ஸ்டேஜ் (டேங்க் அழுத்தத்தை ஒரே படியில குறைக்கும்), உள்ள அசையுற பாகம் கைவிரல்ல எண்ணிடலாம். வென்ச்சூரி (வேகமான காற்றுப் பீச்சு) காற்றை நேரா இன்டேக் ஹார்னுக்குள்ள (உள்மூச்சு ஹோஸ் மாட்டுற குழாய்) பீய்ச்சும். மூச்சைத் தொடங்கறது மட்டும்தான் உங்க வேலை, மிச்சத்தை அது தள்ளிடும். டேங்க் இறங்க இறங்க இன்னும் இலகுவாகும். சர்வீசும் சமையல் மேடையிலயே முடிஞ்சுடும்.

பித்தளைச்சட்டி:
டேங்க் இறங்க இறங்க இலகு என்றால், நிறைந்த டேங்கில் கனம் என்று அர்த்தம். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது 2250 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) ஏற்றும் ஸ்டீல் 72 டேங்க் காலத்து வடிவமைப்பு. இன்றைய அலுமினியம் 80இல் 3000 பிஎஸ்ஐ ஏற்றி மாட்டினால், ஆள் இறங்கும் நேரத்தில், அதாவது பதற்றம் அதிகமாக இருக்கும் நேரத்தில், மூச்சு அதிகக் கனமாக இருக்கும். வென்ச்சூரி, மூச்சு தொடங்கிய பிறகுதான் வேலை செய்யும். தொடங்கும் அந்த முதல் இழுப்பை நான்கு விரல்தான் குறைக்கும், மிஸ்ட்ரலாக இருந்தாலும்.

நீர்க்காகம்:
வந்துட்டாருய்யா திரும்ப நாலு விரலோட.

உப்புக்காற்று:
விரலை விடுங்கள். அந்தப் பதிவில் எனக்கு உறுத்தியது வேறு. "டக்பில் மாற்றினால் போதும்" என்று இருக்கிறது. சோதிக்கவே வேண்டாமா? டேங்கில் மாட்டும் முன், டேங்க் காற்று நுழையும் இன்லெட்டை மூடி அடைத்து, மவுத்பீஸில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். துளிக் காற்றும் வரக்கூடாது. வந்தால் டயாஃபிரம் விளிம்பு சரியாக உட்காரவில்லை, அல்லது டக்பில் உதடு சேரவில்லை, அல்லது ஹோஸில் ஓட்டை. பழைய ரப்பர் டக்பில் காய்ந்து உதடு சுருண்டு வாய் பிளந்து நிற்கும், பார்த்தாலே தெரியும். ஹோஸ் வெடிப்பு அப்படித் தெரியாது. மடிப்புகளின் அடிப்பள்ளத்தில் ஒளிந்திருக்கும். இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் சுற்றிப் பார்க்க வேண்டும். கிளாம்ப் கடித்த இடத்தை இரண்டு தடவை.

புதிய சிலிக்கோன் பாகங்களில் சிலிக்கோன் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ஊதிப்போகும்.

புதுக்குளி:
பித்தளையெல்லாம் பச்சை பூத்திருந்தால் எதில் ஊறவைப்பது? மன்னிக்கவும், நான் இதற்குப் புதுசு.

உப்புக்காற்று:
வெள்ளை வினிகரும் வெந்நீரும் சமபங்கு. 10, 15 நிமிஷம், நடுவில் பழைய பல்துலக்கியால் தேய்க்கணும். மறந்துபோய் ராத்திரி முழுக்க விட்டால் பித்தளை ரோஜா நிறமாகும். துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சுகிறது என்று பொருள், கூடவே குரோமும் உரியும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசுங்கள். ரப்பர் பாகம் எதையும் வினிகரில் போட வேண்டாம்.

பித்தளைச்சட்டி:
வினிகர் விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் திரி எதைப் பற்றியது? லீவர். டப்பாவைத் திறந்து லீவரைத் தூக்கினால் என்ன ஆகும் என்று நீர்க்காகம் எழுதவே இல்லை. லீவர் டயாஃபிரத் தட்டைத் தொட்டும் அழுத்தாமலும் நிற்க வேண்டும். அதற்கு மேல் தூக்கினால் டேங்கைத் திறந்ததும் சீறும். மல்லாந்து படுத்தால் டயாஃபிரம் நுரையீரலுக்குக் கீழே போய்விடும், காற்று வாய்க்குள் தானாகவே கொட்டும். குப்புறப் படுத்தால் பழைய கனம் அப்படியே இருக்கும். நோய் முதுகில், மருந்து டப்பாவுக்குள்.

நீர்க்காகம்:
"கொஞ்சம்" தூக்கிவிடுன்னு எழுதினேன். கொஞ்சம். அந்த ஒரு வார்த்தைய மட்டும் வசதியா முழுங்கிட்டீங்க.

இப்ப உங்க நாலு விரலுக்கு வரேன். டப்பாவ கீழ இறக்கினா ஹோஸ் நீளுமா? அதே ஹோஸ்தானே! தலைய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினா மவுத்பீஸ் வாய இழுக்கும். கெட்டியான பழைய ரப்பர் ஹோஸ்னா கேக்கவே வேணாம், பத்து நிமிஷத்துல தாடை வலிக்கும். புதுசா வரவனுக்கு 4 செ.மீ. தண்ணி பெருசா, தாடை வலி பெருசா?

பித்தளைச்சட்டி:
ஹோஸை மாற்றச் சொன்னது நீங்கள்தான். புது ஹோஸ் நெகிழ்வானது. உங்கள் பதிவை நீங்களே படிப்பதில்லை போலிருக்கிறது.

ஒற்றைப்படி:
ஒண்ணு கேக்கவா? உள்மூச்சுல 15 செ.மீ. இழுக்கணும்னா, வெளிமூச்சுல அதே 15 செ.மீ. சும்மா கிடைக்குதே? டக்பில் டப்பாவுக்குள்ள, டயாஃபிரம் பக்கத்துலயே இருக்கு. மேல இருக்கறதால காத்து தானா ஓடிடும். கூட்டிக் கழிச்சா கணக்கு சரி.

பித்தளைச்சட்டி:
மூச்சு வங்கிக் கணக்கு இல்லை, இங்கே எடுத்ததை அங்கே வரவு வைக்க. இழுக்கும் தசை களைத்தால் களைத்ததுதான்.

டக்பில் ஏன் டப்பாவுக்குள் இருக்கிறது என்றாவது தெரியுமா? 1943இல் பிரெஞ்சுப் பொறியாளர் எமில் கான்யான் செய்த முதல் அக்வாலங் ரெகுலேட்டரை முக்குளிப்பாளர் குஸ்தோ பிரான்ஸின் மார்ன் ஆற்றில் சோதித்தார். நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகச் சீறியது, தலைகீழானால் மூச்சு வரவில்லை. வெளிமூச்சு வால்வும் டயாஃபிரமும் வெவ்வேறு மட்டத்தில் இருந்ததுதான் காரணம். இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள், தீர்ந்தது. இரண்டாவது ஹோஸ் இருப்பதே அதற்குத்தான். சில அங்குல வித்தியாசம் முதல் ரெகுலேட்டரையே கவிழ்த்துவிட்டது, இங்கே "4 செ.மீ.க்கா கூத்து" என்கிறார்கள்.

நீர்க்காகம்:
அது ரெண்டு வால்வுக்கு நடுவுல இருந்த வித்தியாசம். நாம பேசுறது டப்பாவுக்கும் நுரையீரலுக்கும் நடுவுல. மார்ன் ஆத்த இழுத்துட்டு வந்து இங்க விட்டா நாலு விரல் நிரூபணமாயிடுமா?

கோணேசர்மலை:
எல்லாரும் பிரான்ஸ் கதையே கதைக்கிறியள். 1956ல எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவற்ற கூட்டாளி மைக் வில்சனும் திருகோணமலையில கடலுக்க இறங்கி, போர்த்துக்கீசர் இடிச்சுத் தள்ளின கோணேசர் கோயில்ட தூணுகளைக் கண்டவை. அந்த மலையடியில கடல் எப்பிடி அடிக்கும் எண்டு தெரியுமோ? அதுக்குள்ள டபுள் ஹோஸைப் போட்டுக்கொண்டு இறங்கினவைக்கு ஆர் விரல் வைச்சு அளந்து குடுத்தது?

ஒற்றைப்படி:
டபுள் ஹோஸ்தான்னு உங்களுக்கு யார் சொன்னா? டெட் எல்ட்ரெட் மெல்போர்ன்ல போர்பாய்ஸ் சிங்கிள் ஹோஸை 1952லயே வித்துட்டு இருந்தார். அவங்க ரெண்டு பேரும் இலங்கைக்கு வரதுக்கு முன்னாடி ஆஸ்திரேலியாவுல பவளத்திட்டுலதான் முக்குளிச்சாங்க.

கோணேசர்மலை:
அப்ப போர்பாய்ஸ்தான் எண்டு நீங்கள் காட்டுங்கோவன். "இருந்திருக்கலாம்" எண்டு சொல்லுறது எனக்கும் ஏலும்.

பித்தளைச்சட்டி:
கோயில் தூணுக்கும் டேங்க் பட்டைக்கும் என்ன சம்பந்தம்? தனித் திரி தொடங்குங்கள்.

கோணேசர்மலை:
மார்ன் ஆறு வரலாம், திருகோணமலை வரக்கூடாது. ஓம், விளங்குது.

உப்புக்காற்று:
புதுக்குளி, இவர்கள் சண்டை முடியாது. தண்ணீரில் முதலில் பழக வேண்டியது மவுத்பீஸைக் காலி செய்வது. அமுக்கினால் காற்றைப் பீய்ச்சித் தண்ணீரைத் தள்ளும் பர்ஜ் பட்டன் இதில் கிடையாது. காற்று வலது ஹோஸில் வருகிறது, இடது ஹோஸில் போகிறது. மவுத்பீஸ் கழன்றால் மேலே மிதந்து சீறும், டப்பாவைவிட உயரத்தில் இருப்பதால். மல்லாந்து படுத்தால் முகத்துக்கு நேரே வரும், பிடித்துக்கொள்ளுங்கள்; டப்பாவைவிடக் கீழே இறக்கினால் சீறல் நிற்கும். வாயில் வைத்து, இடது தோளைக் கீழே போட்டு உருண்டு ஊதுங்கள். தண்ணீர் இடது ஹோஸ் வழியாக டக்பில்லுக்குப் போய்விடும். மவுத்பீஸின் இரு பக்கமும் ஒருவழி வால்வு இருக்கும் வகை என்றால் உருளாமலே ஊதலாம். அந்த வால்வு இல்லாத பழைய மவுத்பீஸோடு புதியவர் இறங்கவே வேண்டாம் என்பேன்.

நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் இருபது தடவையாவது.

நீர்க்காகம்:
உருளக் கத்துக்கிட்டா வால்வு எதுக்கு? வால்வும் இடம் அடைச்சு மூச்சைக் கொஞ்சம் கனமாக்குமே. சட்டி அண்ணன் அதுக்கு எத்தனை விரல் போடுவார்?

உப்புக்காற்று:
மூழ்கிய வலது ஹோஸைவிட அந்தக் கனம் எவ்வளவோ மேல். இன்னொன்று: கூட வருபவருக்குக் கொடுக்க இதில் ஆக்டோபஸ் (இரண்டாவது வாய்ப்பகுதி) இல்லை. ஒரிஜினல் அக்வாமாஸ்டரில் கூடுதல் ஹோஸ் மாட்டும் போர்ட்டே கிடையாது. பிரஷர் கேஜ் வேண்டுமென்றால்கூட யோக்குக்கும் (டேங்க் வால்வைப் பிடிக்கும் கவ்வி) டேங்க் வால்வுக்கும் நடுவே பாஞ்சோ என்ற இணைப்பைச் செருக வேண்டும், அதற்கு யோக்கில் இடம் இருக்க வேண்டும். போர்ட் வைத்த மாற்று நாசில் போடுங்கள், இல்லை தனியாகச் சின்ன டேங்கும் ரெகுலேட்டரும் எடுத்துப் போங்கள்.

ஒற்றைப்படி:
கேஜ் எதுக்கு? டேங்க்ல கடைசிக் காற்றை ரிசர்வா பிடிச்சு வைக்கிற ஜே வால்வு இருக்கே. 300 பிஎஸ்ஐ வந்ததும் இறுகும், கம்பிய இழுத்தா மிச்சம் வரும்.

உப்புக்காற்று:
அந்தக் கம்பி இழுக்கும் ஜே வால்வு லீவர் எங்கேயாவது இடித்துத் தானாக இறங்கியிருந்தால்? எச்சரிக்கையே வராமல் டேங்க் காலியாகும். காற்று நிரப்பும்போது லீவர் கீழே, இறங்கும்போது மேலே. மறந்தீர்கள் என்றால் ரிசர்வ் என்று ஒன்று இல்லவே இல்லை.

ஒற்றைப்படி:
மறக்கறவங்களுக்கு கேஜும் உதவாது. அதைப் பாக்க மறந்துடுவாங்க.

புதுக்குளி:
அப்படியானால் ஜாக்கெட் பிசியா, வெறும் ஹார்னஸா? டேங்க் ஸ்டீல் 72ஆ, அலுமினியம் 80ஆ?

பித்தளைச்சட்டி:
ஸ்டீல் 72. அலுமினியம் 80 காலியாகும்போது மிதக்கப் பார்க்கும், அதற்கென்றே இடுப்பில் 2 கிலோ ஈயம் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். வாங்கும்போது கழுத்து மரையைப் பாருங்கள். மிகப் பழைய டேங்குகளில் கூம்பு மரை இருக்கும், இன்றைய நேர்மரை வால்வு அதில் ஏறாது. ஹைட்ரோ (நீரழுத்தச் சோதனை) தேறாத டேங்கை விலை பேசவே பேசாதீர்கள். ஹார்னஸ் எடுங்கள். பட்டையைத் தளர்த்தி, டேங்கை மேலே நகர்த்தாமல், கீழே.

நீர்க்காகம்:
பிசி இல்லாம புதுசா ஒருத்தர கடலுக்கு அனுப்புறாரு, கேட்டுக்கங்க. வெட்சூட் (ரப்பர் உடை) ஆழத்துல நசுங்கி மிதப்பு குறைஞ்சா எதை ஊதி மேல வருவாரு, விரலையா? புதுக்குளி சார், பின்பக்க விங் (காத்துப்பை) வெச்ச பிசி போடுங்க. டேங்க் முதுகோட ஒட்டும், ஊதவும் வசதி.

பித்தளைச்சட்டி:
ஆக, டேங்க் முதுகோடு ஒட்ட வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். போன வாரம் ஜாக்கெட், இன்று விங்.

நீர்க்காகம்:
ஒட்டணும்னு சொன்னேன், இறங்கணும்னு சொல்லல. ரெண்டும் வேற.

உப்புக்காற்று:
முக்குளித்து முடிந்ததும் ஹோஸ்களைக் கழற்றி அலசிக் காயப்போடுங்கள். ஈரத்தோடு பைக்குள் வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், அடுத்த தடவை அதைத்தான் நுரையீரலுக்குள் இழுப்பீர்கள். இதை யாரும் இதுவரை சொல்லவில்லை, விரல் எண்ணுவதில் மும்முரமாக இருக்கிறீர்கள்.

பித்தளைச்சட்டி:
அலசும்போது இன்டேக் ஹார்னில் தண்ணீர் போகாமல் டப்பாவைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அதை விட்டுவிட்டீர்கள். புதுக்குளி, கழுத்து எலும்பிலிருந்து நான்கு விரல். வெட்சூட் போட்ட பிறகு அளக்க வேண்டும்.

நீர்க்காகம்:
இப்ப வெட்சூட்டும் சேந்துடுச்சா? 5 மி.மீ.யா, 7 மி.மீ.யா அண்ணே?