குழு வேலைக்கு எல்லோருக்கும் ஒரே மார்க் போடலாமா?

கணக்காசிரியர்:
நால்வரைச் சேர்த்து உட்காரவைத்தால் ஒருவர் எழுதுகிறார், மற்ற மூவர் பெயரை மட்டும் சேர்க்கிறார்கள். நால்வருக்கும் ஒரே மார்க். இதில் யார் கற்றார்கள்?

கரும்பலகை:
நால்வருக்கு ஒரே தாள், ஒரே மார்க் என்றால் அப்படித்தான் ஆகும். பயிற்சியைச் சேர்ந்து செய்யட்டும். தேர்வைத் தனித்தனியே எழுதட்டும். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லாவின் வகுத்த முறையில், தன் பழைய சராசரியைவிட ஒருவர் எவ்வளவு ஏறினார் என்பதற்கே புள்ளி. 45 வாங்குபவர் 57 எடுத்தால் 30 புள்ளி. 85 வாங்குபவர் 86 எடுத்தால் 20. குழுவுக்குக் கிடைப்பது அந்தப் புள்ளிகளின் சராசரி. பின்தங்கியவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கக் கெட்டிக்காரருக்கும் காரணம் வந்துவிடுகிறது.

கணக்காசிரியர்:
இதை ஏற்கிறேன். ஜிக்சா என்ற குழுமுறையை ஏற்க முடியவில்லை. பாடத்தை நான்காகப் பிரித்து ஆளுக்கு ஒரு பகுதி கொடுக்கிறோம். தப்பாகப் புரிந்துகொண்டவர் அந்தத் தப்பையே மூவருக்கும் கற்பிப்பாரே?

கரும்பலகை:
உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில் உருவாக்கிய ஜிக்சாவில் அதற்காகவே நிபுணர் குழு உண்டு. ஒரே பகுதியை எடுத்தவர்கள் முதலில் கூடிப் பேசிவிட்டுத்தான் தங்கள் குழுவுக்குத் திரும்புவார்கள். பலர் இதை நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள், கெடுவது அங்கேதான். 40 நிமிடத்தில் முடியும்: வாசிக்க 5, நிபுணர் குழுவுக்கு 10, கற்பிக்க ஆளுக்கு 4 என 16, தனித்தேர்வுக்கு 7. 32 பேர் என்றால் நிபுணர் குழுவில் எட்டுப் பேர் வருவார்கள். அதை இரண்டாக உடையுங்கள், எட்டுப் பேராகவே இருந்தால் பாதிப்பேர் வாயே திறக்கமாட்டார்கள். திரும்பும் முன் ஒவ்வொரு நிபுணர் குழுவிடமும் இரண்டு கேள்வி கேட்டால் தப்பு அங்கேயே பிடிபடும்.

வகுப்பறை:
ஒருவர் வராத நாளில்?

கரும்பலகை:
அவர் பகுதியின் சுருக்கக் குறிப்பை ஆசிரியர் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். 33 பேர் என்றால் ஒரு குழுவில் ஐவர். இருவர் ஒரே பகுதியை எடுக்கட்டும்.

கணக்காசிரியர்:
அப்போதும் இயற்கணிதத்துக்கு ஆகாது. முதல் படி புரியாமல் மூன்றாம் படியை யாரும் தனியாகப் படிக்க முடியாது.

கரும்பலகை:
உண்மை. தனித்தனியே நிற்கும் பகுதிகளுக்கே ஜிக்சா. கணக்கில் முறையை நீங்களே நேரடியாக நடத்துங்கள். பயிற்சிக்கு மட்டும் குழு. நால்வருக்கும் 1 முதல் 4 வரை எண் கொடுங்கள். கலந்து பேசி முடித்ததும் ஓர் எண்ணைக் கூப்பிடுங்கள், அந்த எண்காரர் விளக்கட்டும். எண்ணை முன்பே சொல்லிவிட்டால் மற்ற மூவரும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.