[கலைச்சொல்] ஹீட் பம்ப்: தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

நந்தியாவட்டை (ஸ்காபரோ), திங்கள் இரவு:

எல்லோருக்கும் வணக்கம். நாலு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றை மொழிபெயர்க்க எடுத்திருக்கிறேன். இங்கே ரொறன்ரோ வீடுகளில் மாரியில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபேர்னஸுக்குப் பதிலாக ஹீற் பம்ப் பூட்டுவது பற்றியது. வாசிக்கப் போகிறவர்கள் அறுபது தாண்டிய அம்மா அப்பாமார். இந்தச் சொல் மட்டும் 31 இடத்தில் வருகிறது. முதலில் 'வெப்பமூட்டி' என்று போட்டேன். மூன்றாம் பக்கத்தில் 'கோடையில் இதே வெப்பமூட்டி வீட்டைக் குளிர்விக்கும்' என்று வந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளி மதியம் அச்சுக்குப் போகிறது. கை கொடுங்கள்.

வேர்ச்சொல் (சேலம்), செவ்வாய் காலை:

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? பம்ப் என்றால் எக்கி. ஹீட் பம்ப் என்றால் வெப்ப எக்கி. நீரெக்கி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

கம்ப்ரசர் (மதுரை), செவ்வாய் மதியம்:

நான் இருபது வருசமா ஏசி வேலை பாக்குறேன். 'எக்கி'ன்னு ஒரு கஸ்டமர் வாயிலயும் கேட்டதில்ல. அதை விடுங்க. பொருள் என்னன்னு தெரிஞ்சாத்தானே பேர் வைக்க முடியும்? ஏசி உள்ள இருக்குற சூட்டை உறிஞ்சி வெளிய தள்ளுது. அதுல ஒரு ரிவர்சிங் வால்வு இருந்தா கேஸ் போற திசையைத் திருப்பிவிடலாம். அப்ப வெளிய இருக்குற சூட்டை உள்ள கொண்டாரும். அம்புட்டுத்தான்.

மைனஸ் பத்துல வெளிய ஏது சூடுன்னு கேப்பாங்க. இது உள்ள ஓடுற ஆர்-32 கேஸ் சாதாரண அழுத்தத்துல மைனஸ் 52 டிகிரி கிட்டவே கொதிச்சிரும். அதுக்கு மைனஸ் பத்துங்கிறது அடுப்புல ஏத்தி வச்ச மாதிரி. காயில் ஹீட்டருக்கு ஒரு யூனிட் கரண்ட் குடுத்தா ஒரு யூனிட் சூடுதான் கிடைக்கும். இது சூட்டைத் தூக்கிட்டு வர்ற வேலை மட்டும் பாக்குறதால, குளிர் மிதமா இருந்தா ஒரு யூனிட்டுக்கு மூணு யூனிட் வரைக்கும் கிடைக்கும். ஆக சூட்டைத் தூக்குறது, கடத்துறதுன்னு பேர்ல வந்தா நல்லது.

வேர்ச்சொல், செவ்வாய் மதியம்:

'கடத்தி' என்றால் கண்டக்டர். வெப்பக்கடத்தி என்று எழுதினால் செம்புக் கம்பி என்றே பத்தாம் வகுப்புப் பையன் நினைப்பான். அவன் அம்மாவோ தங்கக் கடத்தல் போல ஏதோ என்று நினைப்பாள்.

துலாக்கால் (மார்க்கம்), செவ்வாய் மாலை:

தங்கச்சி, நாங்கள் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்திலிருந்தே பம்பிதான். நீர்ப்பம்பி, வெற்றிடப் பம்பி, சைக்கிள் பம்பி. ஆகவே வெப்பப் பம்பி. எக்கி என்றால் எங்கள் ஊரில் நுனிக்காலில் நின்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பது.

ஒரு சின்ன வரலாறு. இதை ஏதோ புதுச் சாமான் என்று சனம் பயப்படுகிறது. கெல்வின் பிரபு 1852-இலேயே இதன் தத்துவத்தை எழுதிவிட்டார். 1856-இல் ஆஸ்திரியாவின் எபன்ஸே உப்பாலையில் ரிட்டிங்கர் என்ற பொறியியலாளர் உப்புநீரைக் காய்ச்ச ஒன்று கட்டினார். 1938-இல் சூரிச் நகர மண்டபம் பக்கத்து ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுத்தது. ஆனையிறவு உப்பளத்தை நினைத்துக்கொண்டு இதை வாசித்தவன் நான்.

பழையனூரான் (தஞ்சாவூர்), புதன் காலை:

அன்பர்களுக்கு. பம்பி என்பதை ஆங்கிலச் சொல்லின் மீது இகரம் ஒட்டியது என்று வேர்ச்சொல் தனிமடலில் குறைபட்டார். பம்புதல் தமிழ் வினை. செறிதல், பரவுதல், ஒலித்தல் என்று பொருள்கள் உண்டு. பம்பை என்ற பறையை அறிவீர்கள். அவுட்டோர் யூனிட் ஒலிக்கிறது, வெப்பத்தைச் செறிக்கிறது, அறையெங்கும் பரப்புகிறது. மூன்று பொருளும் பொருந்தும்போது ஆங்கிலேயனுக்கு ஏன் நன்றி சொல்ல வேண்டும்?

ஆயினும் என் மனம் நாடுவது சிவிறி. பரிபாடலில் வையையில் நீராடுவோர் கையில் சிவிறி இருக்கிறது. நீரை உள்வாங்கி வீசும் கருவி. இலக்கணப்போலிக்கு வகுப்பில் என்ன எடுத்துக்காட்டுச் சொன்னோம்? தசை–சதை, ஞிமிறு–மிஞிறு, விசிறி–சிவிறி. ஆகச் சிவிறி என்பது பம்பும் ஆகும், மின்விசிறியும் ஆகும். இந்த இயந்திரத்துக்குள் இரண்டுமே உண்டு. ஒரே சொல்லில் இரண்டையும் முன்னோர் அடக்கி வைத்திருக்க, நாம் வெளியே தேடுகிறோம். வெப்பச் சிவிறி. ஒற்று மிகும், மறக்க வேண்டாம்.

கம்ப்ரசர், புதன் காலை:

அய்யா, சொல்றதெல்லாம் அருமை. ஆனா 'சிவிறி ரிப்பேர்'னு போன் வந்தா நான் நம்பர் தப்புன்னு வச்சிருவேன்.

நந்தியாவட்டை, புதன் இரவு:

ஐயா, சிவிறியை நான் ரசித்தேன். ஆனால் என் மாமியிடம் வாசித்துக் காட்டியபோது 'சவரி முடியோ பிள்ளை?' என்று கேட்டா. பேசாமல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டுவிடட்டுமா என்று நினைக்கிறேன். அதிலும் ஒரு பிரச்சினை. எனக்கு அது 'ஹீற் பம்ப்'. இங்கே இந்தியாவிலிருந்து வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு 'ஹீட் பம்ப்'. நான் ரொறன்ரோ என்று எழுதுவதையே டொராண்டோ என்று திருத்தித் தருகிறவ அவ. ஆங்கிலத்திலும் எங்களுக்கு ஒற்றுமை இல்லை.

துலாக்கால், புதன் இரவு:

கம்ப்ரசர் தம்பி சொன்ன 'தூக்கிக்கொண்டு வருவது' என்ற பேச்சை யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். வெப்பம் தானாகச் சூட்டிலிருந்து குளிருக்குத்தான் இறங்கும், தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குவது போல. அதை எதிர்ப்பக்கம் கொண்டுபோக வேலை செய்ய வேண்டும். பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவதற்கு எங்களிடம் என்ன இருந்தது? துலா. அப்பா துலா மிதிக்க, நான் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டினேன். அந்தத் தொழிலுக்குப் பெயர் இறைப்பு. பிறகு மெஷின் வந்தது. அதுவும் இறைப்பு மெஷின்தான். கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக இறைக்கிறவனுக்கு நாரி முறியும். வெளியே குளிர் கூடக் கூட இந்த மெஷினுக்கும் அதுவே கதை. அந்த மூன்று மடங்கு இறங்கிக்கொண்டு போகும். அதனால்தான் இங்கே சிலர் பழைய ஃபேர்னஸைக் கழற்றாமல் துணைக்கு விட்டிருக்கிறார்கள்.

வெப்ப இறைப்பி. எங்கள் வயதுக்காரருக்கு விளக்கமே வேண்டாம்.

கம்ப்ரசர், வியாழன் காலை:

இது நல்லாருக்கு. எங்க பக்கமும் தண்ணி எறைக்கிறதுதான். ஏற்றம், கமலை எல்லாம் அதே சோலிதான். என் ஓட்டு இதுக்கு.

வேர்ச்சொல், வியாழன் காலை:

இறைத்தல் என்றால் சிதறடித்தலும்தான். 'காசை வாரி இறைக்காதே' என்று சொல்லும் அம்மாவிடம், மின்கட்டணத்தை மிச்சப்படுத்த வந்த கருவிக்கு இறைப்பி என்று பெயர் சொல்வீர்களா? அடுத்து யாராவது 'சுருக்கமாக இறைவி போதுமே' என்பார்கள். வெப்ப இறைவி என்று அச்சடித்தால் மாரியம்மன் கோயில் நோட்டீஸ் என்று நினைத்துப் பூசை அறையில் வைத்துவிடுவார்கள். எக்கிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

பழையனூரான், வியாழன் மதியம்:

இறைப்பியை நான் எதிர்க்கவில்லை. ஆனால் புணர்ச்சியைப் பாருங்கள். வெப்பம் + இறைப்பி. 'மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும்'. மகரம் கெட்டு 'வெப்ப' என நிற்கும். பின்பு 'ஏனை உயிர்வழி வவ்வும்'. ஆகவே வெப்பவிறைப்பி. இடைவெளி விட்டு எழுதுவது அச்சகத்தார் பழக்கம், இலக்கணம் அன்று.

துலாக்கால், வியாழன் மதியம்:

ஐயோ வாத்தியார்! விறைப்பியா? பனிக்குள் நின்று கை கால் மரத்துப் போவதைத்தான் நாங்கள் விறைக்குது என்கிறோம். வீட்டைச் சூடாக்கப் பூட்டச் சொல்லும் சாமானுக்கு விறைப்பி என்று பெயர் வைத்தால், ஒரு சனமும் காசு கொடுக்காது.

பழையனூரான், வியாழன் மாலை:

விதி விதிதான். விறைப்பது நும் ஊர்த் தட்பவெட்பத்தின் குற்றம்.

வேர்ச்சொல், வியாழன் மாலை:

தட்பவெப்பம், ஐயா. தட்பவெட்பம் பிழை.

(இதற்குப் பின் தட்பம், வெப்பம், தண்மை, வெம்மை பற்றிப் பதினொரு மடல்கள். பழையனூரான் கைப்பிழை என்று ஒப்புக்கொண்டார், ஐந்தாவது மடலில்.)

நந்தியாவட்டை, வியாழன் இரவு:

இன்னொன்றும் இருக்கிறது, திட்டாதேங்கோ. மாரியில் இங்கே யன்னல் ஒன்றும் திறப்பதில்லை. மீன் பொரித்தால் மணம் மூன்று நாள் நிற்கும், தாளித்த புகை பிள்ளையின் இழுப்புக்குக் கூடாது. அதற்காக ஒரு பெட்டி பூட்டுகிறார்கள். உள்ளே கிடந்த காற்றை வெளியே விட்டு, புதுக் காற்றை உள்ளே எடுக்கும். இரண்டும் கலக்காமல் ஒன்றையொன்று ஒட்டிப் போவதால், போகிற காற்றின் சூடு வருகிற காற்றுக்கு ஏறிவிடும். இதற்கு என்ன பெயர்?

பழையனூரான், வியாழன் நள்ளிரவு:

காலதர்! சிலம்பில் 'மான்கண் காலதர்' வருகிறதே. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வெப்பமீட்புக் காலதர். நெடுநல்வாடையில் கூதிர் வந்ததும் தென்வளி தரும் சாளரத்துக் கதவைத் தாழிட்டு, 'பகுவாய்த் தடவில் செந்நெருப்பு ஆர' இருக்கிறார்கள். விசிறியைச் சுருக்கித் தொங்கவிட, அதில் சிலந்தி நூல் பின்னுகிறது. நும் ஸ்காபரோ வீடு நக்கீரருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

துலாக்கால், வெள்ளி காலை:

கதவைத் தாழிட்டுவிட்டு உள்ளே கரி எரிப்பதை இன்றைக்கு ஒருவரும் செய்துவிடாதேங்கோ. காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும், மணமும் இராது.

கம்ப்ரசர், வெள்ளி காலை:

காபனோ… கார்பன் மோனாக்சைடா? அண்ணே, அதை மட்டுமாவது ஆளுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க, உயிர் விசயம்.

நந்தியாவட்டை, வெள்ளி மதியம்:

அனுப்பிவிட்டேன். தலைப்பிலும் முதல் இடத்திலும் 'வெப்ப இறைப்பி (ஹீற் பம்ப்)'. இடைவெளி விட்டு, வகரம் போடாமல். மற்ற 29 இடத்திலும் வெப்ப இறைப்பி மட்டும். முதல் பந்திக்குக் கீழே கிணறும் துலாவும் ஒரு சின்னப் படமாக வருகிறது. அது வடிவமைப்பாளரின் யோசனை. காற்றுப் பெட்டியைக் 'காற்றுப் புதுக்கும் பெட்டி' என்று எழுதிவிட்டேன். காலதரை வாசித்த மாமி காலரில் அச்சுப்பிழை என்று பேனையை எடுத்துவிட்டா. எல்லோருக்கும் நன்றி. பழையனூர் ஐயா மன்னிக்க வேண்டும்.

வேர்ச்சொல், வெள்ளி மாலை:

எண்ணிக்கையில் தோற்றேன், ஏற்கவில்லை. என் பதிவுகளில் வெப்ப எக்கி தொடரும்.

பழையனூரான், சனி காலை:

மன்னிக்க ஒன்றுமில்லை, அம்மா. அடுத்த பதிப்பில் வகர உடம்படுமெய்யைச் சேர்த்துவிடுங்கள். படத்தில் துலாவுக்கு அருகே சிவிறி ஒன்று வரைய இடமிருக்குமா?