எலக்ட்ரான் கற்றை ‘மெருகூட்டல்’ சரியா? வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

மடல் 1
அன்புடையீர், செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உலோகப் பொடியை அடுக்கடுக்காக உருக்கி எழுப்பிய டைட்டானியக் கலவை உறுப்பை வெற்றிட அறையில் வைத்து, அகன்ற எலக்ட்ரான் கற்றையைச் சில மைக்ரோநொடித் துடிப்புகளாகப் பாய்ச்சுகிறோம். மேற்றோல் சில மைக்ரோமீட்டர் உருகி, பரப்பு இழுவிசையால் சமனாகி, உடனே உறைகிறது. ‘பாலிஷிங்’ என்கிறார்கள். மெருகூட்டல் எனலாமா?

மடல் 2
கூடாது. மெருகு தேய்த்து வருவது. இங்கே எதுவும் தேய்வதில்லை. மேட்டில் இருந்த உலோகமே உருகிப் பள்ளத்துக்கு ஓடுகிறது. ‘மேலுருக்கல்’ போதும்.

மடல் 3
மெழுகல்! தரையை மெழுகுகிறோம், சமனாகிறது. மெழுகு உருகவும் செய்யும். மெருகும் மெழுகும் ஒருவேர்ச் சொற்களே என்பது என் துணிபு. ழகரம் ரகரமாகத் திரிந்திருக்கும்.

மடல் 4
அந்தத் திரிபுக்குச் சான்று காட்டுங்கள் ஐயா. மெருகு தெலுங்கிலும் உண்டு, அங்கும் பளபளப்புதான். மேலும், மெழுகுவது வெளியிலிருந்து ஒன்றைப் பூசுவது. நெருப்பால் ஒளி பெறுவதற்குச் ‘சுடச்சுடரும் பொன்’ என்று வள்ளுவரே வழிகாட்டியிருக்கிறார்: ‘சுடர்த்தல்’ என்போம். எலக்ட்ரானும் வேண்டாம், எதிர்மின்னி என்க.

மடல் 5
பொன்னைச் சுட்டால் மாசு நீங்கும். இங்கே மாசு நீங்குவதாக யாரும் சொல்லவில்லை. எதிர்மின்னி என்றால் தமிழ்நாட்டு மாணவர் விழிப்பார், இலங்கையிலோ இலத்திரன் என்று படிக்கிறார்கள். எலக்ட்ரான் இருக்கட்டும்.

சொல்லை விடப் பெரிய சிக்கல் வேறு. உறுப்பை லேசரால் உருக்கி எழுப்பும் முறையில் பொடிமணி பெரும்பாலும் 15 முதல் 45 மைக்ரோமீட்டர். பாதி உருகி ஒட்டிய அத்தகைய மணியைச் சில மைக்ரோமீட்டர் உருக்கம் விழுங்காது. மேடு மேடாகவே நிற்கும், மேலே மட்டும் பளபளக்கும். முதலில் மணல்வீச்சால் மணிகளை உதிர்க்க வேண்டும், அல்லது துடிப்பாக இன்றி இடைவிடாது பாயும் தொடர்கற்றையை ஓட்டி ஆழமாக உருக்க வேண்டும். ஆற்றலை ஏற்றினால் பரப்பை ஒட்டிய நுண்துளைகள் திறந்து குழிகளாகும். வெற்றிடத்தில் கலவையிலுள்ள அலுமினியம் முந்தி ஆவியாகும், மேற்றோலின் சேர்மானம் மாறும். விரைந்து குளிர்வதால் மார்ட்டென்சைட் என்னும் கடினமான படிக அமைப்பு உருவாகும். இழுப்புத் தகைவு (உள்ளேயே இழுத்துக்கொண்டிருக்கும் விசை) எஞ்சி வெடிப்பு விடலாம். கற்றை பார்க்காத உட்குழாய்க்கு இந்த முறையே கிடையாது. மெருகூட்டல் என்று எழுதினால் கடைசி வேலை, எல்லா இடத்துக்கும் ஆகும் என்று மாணவர் நினைத்துவிடுவார். துடிப்புக்கும் தொடர்கற்றைக்கும் தனித்தனிச் சொல் கொடுங்கள்.

மடல் 6
அப்படியானால் துடிப்பு மேலுருக்கல், தொடர் மேலுருக்கல். பெயரடை மாறினால் போதுமே.

மடல் 3-இட்டவர்
உருக்கல் வெல்டிங்கிலும் நடக்கிறது. சமனாவது உங்கள் சொல்லில் எங்கே?

மடல் 1-இட்டவர்
நேரமில்லை. ‘எலக்ட்ரான் கற்றை மேலுருக்கல்’ என்று தலைப்பிடுகிறேன்; நால்வர் இசைந்துள்ளனர். முதல் வரியில் ‘உருக்கிச் சமனாக்குதல்’ என விளக்கம் வரும். மணல்வீச்சைப் படிநிலை 1 ஆக்கிவிட்டேன்.

மடல் 3-இட்டவர்
சொல்லடைவில் மெழுகலையும் சேருங்கள். உருகிச் சமனாவது இரண்டையும் அந்த ஒரு சொல்தான் தாங்குகிறது.