கேட்டல் பகுதியில் மட்டும் மதிப்பெண் குறைகிறது: சொற்களைப் பெருக்குவதா, செவியைப் பழக்குவதா?

நடைவண்டி:

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில், உயர்கல்விக்கான அகாடமிக் பிரிவுக்கு ஆயத்தமாகி வருகிறேன். வாசித்தல் பகுதியில் எனக்குப் பெரிய இடர்ப்பாடு இல்லை; மாதிரித் தாள்களில் நாற்பதில் முப்பதுக்கு மேல் எளிதாகவே வருகிறது. கேட்டல் பகுதியில்தான் இருபத்தைந்தை ஒட்டியே நின்றுவிடுகிறேன். நான் சேர விரும்பும் படிப்புக்கு ஒவ்வொரு பகுதியிலும் 7 பேண்ட் (தேர்வின் மதிப்பெண் நிலை) தேவைப்படுகிறது. அதற்குக் கேட்டல் பகுதியில் சராசரியாக 30 விடைகள் சரியாக அமைய வேண்டும் என்று அறிகிறேன்.

எனக்கு விளங்காதது இதுதான். மாதிரித் தேர்வை முடித்தபின் ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தை எடுத்துப் படித்தால், பொருள் தெரியாத சொல் என்று ஒன்றிரண்டுதான் தேறுகின்றன. தெரிந்த சொற்களாலேயே அமைந்த ஒரு வாக்கியம், காதில் விழும்போது மட்டும் ஏன் பிடிபடாமல் போகிறது? பயிற்சி வகுப்பில் கேட்டபோது, சொல்வளம் போதவில்லை என்று கூறி, அகரவரிசையில் அமைந்த நீண்ட சொற்பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் நேரத்தைச் செலவிடுவது தகுமா, அல்லது அந்த நேரத்திலும் ஒலிப்பதிவுகளையே கேட்பது நல்லதா? ஆங்கிலத் திரைப்படங்கள் பார்ப்பது உதவுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஒலிமரபு:

வணக்கம். எழுத்து வடிவத்தைப் படித்தால் புரிகிறது என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு குறிப்பைக் கொண்டே, தங்களுக்குத் தடையாக இருப்பது சொற்பொருள் அன்று, சொல்லின் ஒலிவடிவம் என்று கூறிவிடலாம். நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர்கள். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே, எழுத்துக்கு எழுத்து முழுமையாக ஒலித்துப் பழகியிருக்கிறோம். ஒலிப்பதிவில் பேசுபவரோ சொற்களை அவ்வாறு பிரித்து அடுக்குவதில்லை.

தமிழ் இலக்கணம் பயின்றவர்களுக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்கள் நிகழும் என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? ஆங்கிலப் பேச்சிலும் இம்மூன்றும் நிகழ்கின்றன. எழுத்தில் அவை காட்டப்படுவதில்லை என்பதே வேறுபாடு. ‘நெக்ஸ்ட் டே’ என்பதில் முதற்சொல்லின் இறுதி டகரம் கெட்டு ‘நெக்ஸ் டே’ என்று ஒலிக்கிறது. ‘டென் பாய்ஸ்’ என்பதில் வருமொழியின் இதழொலிக்கு ஏற்ப னகரம் மகரமாகத் திரிந்து ‘டெம் பாய்ஸ்’ ஆகிறது. ‘கோ ஆன்’ என்பதன் இடையே மெல்லிய வகரமும், ‘ஐ ஆம்’ என்பதன் இடையே மெல்லிய யகரமும் தோன்றுவதைக் கூர்ந்து கேட்டால், நம் உடம்படுமெய் அங்கும் வந்து நிற்பதை உணரலாம். மெய்யீற்றின்மேல் உயிர் ஏறி ‘மரம் அசைந்தது’ என்பது ‘மரமசைந்தது’ ஆவதைப் போலவே, ‘டர்ன் இட் ஆஃப்’ என்னும் மூன்று சொற்களும் ‘டர்னிடாஃப்’ என்று ஒரே சொல்லாகக் காதில் விழுகின்றன. நீங்கள் தேடிக்கொண்டிருப்பது மூன்று சொற்களை. வந்து போனதோ ஒன்று. அந்த இடத்தில் மனம் தடுமாறி நிற்கும்போது அடுத்த வாக்கியமும் கடந்துவிடுகிறது.

இதனினும் தொல்லை தருபவை ‘டு’, ‘ஃபார்’, ‘அண்ட்’, ‘கேன்’ போன்ற சிறு சொற்கள். வாக்கியத்தின் நடுவே வருகையில், குற்றியலுகரம் தன் மாத்திரையில் குறைவதைப் போல இவற்றின் உயிரும் குறுகி, இன்னது என்று சொல்ல முடியாத ஓர் ஒலியாகத் தேய்ந்துவிடுகிறது. ‘ஐ கேன் கம்’ என்று நாம் எதிர்பார்ப்பது ‘ஐ கன் கம்’ என்றே ஒலிக்கும். மாறாக, அமெரிக்கப் பேச்சில் ‘கேன்’ என்பது வாக்கிய நடுவில் முழு உயிரோடு அழுத்தமாகக் கேட்டால், அது இறுதி டகரம் காதில் விழாத எதிர்மறையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. பிரித்தானியப் பேச்சிலும் ஆஸ்திரேலியப் பேச்சிலும் ‘கான்ட்’ என்று நெடிலே பெரும்பாலும் எதிர்மறையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்குப் பயிற்சி, கேட்டு எழுதுவதுதான். பழைய முறை என்று பலர் ஒதுக்குகிறார்கள். நான் இதைவிடச் சிறந்த ஒன்றைக் கண்டதில்லை. ஓரிரு நிமிடப் பதிவு ஒன்றை எடுத்துக்கொண்டு, எழுத்து வடிவத்தைப் பாராமல், வாக்கியம் வாக்கியமாக நிறுத்திக் கேட்டதை அப்படியே எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். விடுபட்ட ஒவ்வோர் இடத்திலும் காரணத்தைக் குறியுங்கள். சொல்லே தெரியாததா, தெரிந்த சொல் ஒலியில் பிடிபடாததா என்று பிரித்துப் பார்த்தால், சொற்பட்டியலுக்கு எவ்வளவு நேரம் தர வேண்டும் என்பதை வேறு எவரும் தங்களுக்குச் சொல்ல வேண்டியிராது. ஒப்பிட்ட பின்னர், அதே பதிவைப் பேசுபவரின் வேகத்திலேயே உடன்சேர்ந்து வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய் எந்த வடிவத்தில் சொல்லப் பழகுகிறதோ அந்த வடிவத்தைக் காது விரைவில் அடையாளம் காணும். எழுத்து வடிவத்துடன் கிடைக்கும் பதிவுகளுக்கு பி.பி.சி. லேர்னிங் இங்கிலிஷ் தளத்தின் ‘6 மினிட் இங்கிலிஷ்’ நிகழ்ச்சியும், பிரிட்டிஷ் கவுன்சிலின் ‘லேர்ன்இங்கிலிஷ்’ தளமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

மழைக்குருவி:

திரைப்படங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவை ஆங்கில ஒலிக்குக் காதைப் பழக்கும் என்பது உண்மையே. ஆனால் தேர்வுக்கென்று பார்ப்பவர்கள் தமிழ்த் துணைத்தலைப்பை விட்டுவிட வேண்டும். கண்ணுக்கு எளிய வழி திறந்திருக்கும் வரை காது உழைப்பதில்லை. ஆங்கிலத் துணைத்தலைப்புடன் ஒருமுறை, பிறகு அதே காட்சியை அது இல்லாமல் ஒருமுறை என்று பார்த்தால் ஓரளவு பயன் உண்டு. கேட்டல் தேர்வின் நான்காம் பகுதி இடையீடின்றி ஒருவரே நிகழ்த்தும் விரிவுரை என்பதால், அதற்குத் திரைப்படத்தைவிட ஆவணப்படமும் பல்கலைக்கழக விரிவுரையும் பொருத்தமானவை.

மற்றொன்று: எண்களில் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள். ‘ஃபிஃப்டீன்’ என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையிலும் ‘ஃபிஃப்டி’ என்பதில் முதல் அசையிலும் விழும் என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் நீங்கும்.

ஒலிமரபு:

மழைக்குருவி அவர்கள் கூறிய அழுத்த விதி, எண் தனித்து வரும்போது சரியானதே. ஆனால் அதன் பின்னே ஒரு பெயர்ச்சொல் வந்தால் அழுத்தம் முன்னே நகர்ந்துவிடும். ‘ஃபிஃப்டீன் மினிட்ஸ்’ என்று இயல்பாகப் பேசுகையில் முதல் அசைதான் ஓங்கி ஒலிக்கும். தேர்வில் எண்கள் பெரும்பாலும் நிமிடம், பேர், மீட்டர் என்று ஏதேனும் ஒன்றைத் தொடர்ந்தே வருவதால், அழுத்தத்தை மட்டும் நம்புவது தவறான விடைக்கு இட்டுச்செல்லக்கூடும். ஈற்றில் நெடிலும் னகரமும் இருக்கின்றனவா என்று கேட்பதே பாதுகாப்பானது.

சொற்கோவை:

சொற்பட்டியல் குறித்த பகுதிக்கு நான் விடை கூற முயல்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்: ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் சொற்களுக்கென்று தனிப் பகுதி கிடையாது. எழுதுதல், பேசுதல் ஆகிய இரண்டிலும் மதிப்பீட்டு அளவுகோல்கள் நான்கில் ஒன்று சொல்வளம். அதாவது கால் பங்கு. கேட்டலில் சொல்லறிவு வேறு வழியில் சோதிக்கப்படுகிறது. வினாத்தாளில் உள்ள சொல்லை ஒலிப்பதிவில் பேசுபவர் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. அதே கருத்தை வேறு சொல்லால் கூறுவார். தாளில் ‘சில்ட்ரன்’ என்றிருந்தால், பேச்சில் ‘அண்டர் டுவெல்வ்ஸ்’ என்று வரலாம். தாளில் உள்ள அதே சொல் காதில் விழுந்தால் சற்று ஐயுறுவதே நல்லது. அது பல வேளைகளில் பொய் வழிகாட்டி.

அகரவரிசைப் பட்டியலை நான் பரிந்துரைக்கமாட்டேன். உருவில் ஒத்த சொற்கள் அடுத்தடுத்து வருவதால் அவை நினைவில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மேலும், எந்தச் சொல் அடிக்கடி வழங்குகிறது என்ற கணக்கே அவற்றில் இருப்பதில்லை. வழக்கு மிகுதியை அடிப்படையாகக் கொண்ட பட்டியல்கள் நெடுங்காலமாகவே இருக்கின்றன. மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் உள்ளன. அவற்றைத் தவிர்த்து, கல்வித்துறை நூல்களில் பரவலாக வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் தொகுத்தார். கல்வித்துறை எழுத்தில் பத்தில் ஒரு சொல் இப்பட்டியலைச் சேர்ந்தது. பேச்சாங்கிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொற்களை அறிந்திருக்க 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்றும், எழுத்தாங்கிலத்துக்கு 8,000 முதல் 9,000 வரை வேண்டும் என்றும் சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். கேட்பதற்குப் படிப்பதைவிடக் குறைந்த சொற்களே தேவைப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். வாசித்தலில் முப்பதுக்கு மேல் எடுக்கும் தங்களிடம் அந்தச் சொற்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்க வேண்டும். செவிவழி மட்டும் திறக்கப்படவில்லை. எனவே ஒலிமரபு அவர்கள் கூறியதே என் கருத்தும்.

ஆயினும் காக்ஸ்ஹெட் பட்டியலை ஒருமுறை செவியால் கடந்து செல்லுமாறு கூறுவேன். காரணம், இந்தச் சொற்குடும்பங்களில் விகுதி மாறும்போது அழுத்தமும் இடம் மாறுகிறது. ‘அனலைஸ்’ என்பதில் முதல் அசையும், ‘அனாலிசிஸ்’ என்பதில் இரண்டாம் அசையும், ‘அனலிட்டிகல்’ என்பதில் மூன்றாம் அசையும் ஓங்குகின்றன. அழுத்தம் விழாத உயிர்கள் மங்கிவிடுவதால், எழுத்தில் உடன்பிறந்தவையாகத் தெரிபவை காதுக்குத் தொடர்பற்றவையாகத் தோன்றுகின்றன. ஆங்கி போன்ற கட்டணமில்லாச் செயலியில் அட்டைகள் அமைக்கும்போது, முன்பக்கத்தில் சொல்லின் எழுத்தை வைக்காமல் ஒலியை மட்டும் வையுங்கள். கேட்டவுடன் பொருளைச் சொல்லி, எழுத்துக்கூட்டி எழுதிய பிறகே பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மறக்கத் தொடங்கும் தறுவாயில் மீண்டும் காட்டும் அதன் இடைவெளி முறை, ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இல் மறதியைப் பற்றிச் செய்த ஆய்வின் வழிவந்தது. புதிய அட்டைகளை, கேட்டு எழுதும் பயிற்சியில் விடுபட்ட சொற்களிலிருந்தே எடுத்தால் வேறு பட்டியல் தேவைப்படாது.

நடைவண்டி:

மிக்க நன்றி. நேற்று மாலை கேட்டு எழுதிப் பார்த்தேன். விடுபட்ட இடங்களில் பெரும்பகுதி எனக்குத் தெரிந்த சொற்களே. புணர்ச்சி விதிகளை இந்தக் கோணத்தில் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. இன்னும் ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது: கேட்டல் தேர்வின் மூன்றாம், நான்காம் பகுதிகளில் ஒரு விடையை எழுதிக்கொண்டிருக்கும்போதே பேச்சு இரண்டு வினாக்களைத் தாண்டிவிடுகிறது. பதிவு ஒருமுறைதான் ஒலிபரப்பப்படும் என்பதால் மீள முடிவதில்லை.

கடைசிப்பெஞ்ச்:

ஏழு பேண்டைக் கடந்து தேர்வறையை விட்டு வந்தவன் என்ற முறையில் இதற்கு மட்டும் கூறுகிறேன். வினாக்கள் ஒலிப்பதிவின் வரிசையிலேயே அமைந்திருக்கும் என்பதால், கண் எப்போதும் இரண்டு வினாக்கள்மீது இருக்க வேண்டும்: இப்போதைய வினா ஒன்று, அதற்கு அடுத்தது ஒன்று. அடுத்த வினாவின் கருத்து காதில் விழுந்துவிட்டால், முந்தையதைத் தயங்காமல் கைவிடுங்கள். ஒன்றைத் துரத்தி மூன்றை இழப்பவர்களே மிகுதி. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை என்பதால், விட்டதை இறுதியில் ஊகித்தேனும் நிரப்பிவிடலாம். முழுச் சொல்லையும் அப்போதே எழுத வேண்டியதில்லை. தாள்வழித் தேர்வில் விடைகளைப் படியெடுக்க இறுதியில் 10 நிமிடம் தருகிறார்கள். கணினிவழித் தேர்வில் அந்தப் பத்து நிமிடம் கிடையாது, சரிபார்க்க 2 நிமிடம் மட்டுமே உண்டு. எனவே எந்த முறையில் எழுதப்போகிறீர்களோ அந்த முறையிலேயே பயிற்சி செய்யுங்கள்.

விடை சரியாகக் கேட்டும் மதிப்பெண் போகும் இடங்கள் உண்டு. பன்மை விகுதியான ஸகரம் அவற்றுள் முதன்மையானது. ‘நான்கு புத்தகம்’ என்று தமிழில் சொன்னால் யாருக்கும் உறுத்துவதில்லை. அஃறிணைக்கு ‘கள்’ இல்லாமலே வழக்கு நடக்கிறது. அந்தப் பழக்கத்தால் நம் காது ஆங்கிலத்தின் ஸகரத்தைத் தேடுவதே இல்லை. கோடிட்ட இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் படித்து, ஒருமையா பன்மையா என்பதைப் பேச்சு தொடங்கும் முன்னரே முடிவு செய்யுங்கள். எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் கிடையாது; ‘அக்காமடேஷன்’ என்பதில் இரண்டு சி, இரண்டு எம் என்பதும், ‘கவர்மென்ட்’ என்று காதில் விழுவதில் ஒலிக்காத ஓர் என் உண்டு என்பதும் எழுதி எழுதிக் கைக்கு வர வேண்டியவை. பிரித்தானிய, அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டும் ஏற்கப்படும். இரண்டு சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது என்று குறிப்பு இருந்தால், மூன்றாவது சொல் சரியான விடையையும் கெடுத்துவிடும்.

பேசுபவர் முதலில் ‘செவ்வாய்’ என்று கூறிவிட்டு உடனே ‘இல்லை, புதன்’ என்று திருத்துவதும் வழக்கமான பொறி. முதலில் கேட்டதை எழுதலாம்; ஆனால் அந்தக் கருத்து முடியும் வரை அதை இறுதியாகக் கொள்ள வேண்டாம்.

மற்ற மூன்று பகுதிகளும் தங்களுக்கு நன்றாக அமைந்து இது ஒன்று மட்டும் குறைந்தால், சில நாடுகளில் கணினிவழித் தேர்வு எழுதியவர்கள் ஒரே ஒரு பகுதியை மட்டும் 60 நாள்களுக்குள் மீண்டும் எழுதும் வசதி இருக்கிறது. எல்லாக் கல்வி நிறுவனங்களும் அந்த முடிவை ஏற்பதில்லை. ஆகவே விண்ணப்பிக்கும் இடத்தில் அதை முன்னரே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.