ஸ்ரீதேவியின் எந்த இந்திப் படத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம்?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் கேட்டால் என் சங்கடம் புரியாது.

அம்மாவுக்கு வயது 67. நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி வந்த புதிதில் டூரிங் கொட்டகையில், மணலைக் குவித்து உட்கார்ந்து '16 வயதினிலே' பார்த்தவர். அன்றிலிருந்து ஸ்ரீதேவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. 'நம்ம மயிலு' என்றுதான் சொல்வார். 2018 பிப்ரவரியில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை துபாயிலிருந்து செய்தி வந்தபோது, உலையில் அரிசி போட்டதை மறந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். சோறு குழைந்து அடிப்பிடித்த பிறகுதான் எழுந்தார்.

போன வாரம் விடாத மழை. தாளடி நடவு பாதியில் நின்றுபோய், நான் வீட்டில்தான் இருந்தேன். "மயிலு இங்கேருந்து போயி இந்தியில என்னதான் பண்ணிச்சு, ஒண்ணு போட்டுக் காட்டு தம்பி" என்று அம்மா கேட்டார். நான் நாக்பூரில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன், இந்தி நன்றாகவே புரியும். சிரிக்கிற படமாக இருக்கட்டும் என்று 1996இல் வந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தமிழில் வந்த படத்தை இந்தியில் எடுத்தது. பெயரை எழுத மனம் வரவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அதில் ஸ்ரீதேவிக்கு நினைவு போய்விடுகிறது. மனைவியை இழந்து கைக்குழந்தையோடு நிற்கும் ஒருவரைக் காட்டி, இவர்தான் உன் புருஷன் என்று நம்ப வைக்கிறார்கள். நான் ஒவ்வொரு வரியாக அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே நா எழவில்லை. சுற்றியிருப்பவர்கள் கத்துகிறார்கள், பதறுகிறார்கள், ஸ்ரீதேவி நடுவில் நிற்கிறார். அரை மணி நேரம் கழித்து அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, அந்தப் புள்ளைய ஏன் இப்புடி சும்மா நிக்க வச்சிருக்காங்க?"

நிறுத்திவிடட்டுமா என்றேன். "வேணாம், மொகத்தையாவது பாத்துக்குறேன்" என்று கடைசிவரை பார்த்தார். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு இருட்டில் சொன்னார்: "மூன்றாம் பிறையிலயும் அதுக்கு இதே சீக்குதானே தம்பி." எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அம்மா மனதில் இந்தப் படம் கடைசியாகத் தங்கிவிடக் கூடாது. இந்தி தெரியாதவர் பார்த்துச் சிரிக்கிற மாதிரி, ஸ்ரீதேவி உண்மையிலேயே நடித்திருக்கிற இந்திப் படம் எது? தமிழ்ப் படங்கள் வேண்டாம், எல்லாமே பார்த்துவிட்டார்.

குடமுருட்டி எழுதியது:

தம்பி, உங்கள் அம்மா சொன்னது என்னையும் உலுக்கிவிட்டது. எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் ராத்திரி வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து மூன்று படம் போடுவார்கள். விடியற்காலம் மூன்றாவதாக 'மூன்றாம் பிறை' ஓடும். அந்த ரயில் நிலையக் காட்சி வரும்போது சமையல்காரர்கூடக் கரண்டியை வைத்துவிட்டு வந்து நின்றது நினைவிருக்கிறது.

எனக்குத் தோன்றுவது, அந்த இந்திப் படம் ஒட்டாமல் போனதற்குக் குரல்தான் காரணம். இந்திக்குப் போன தொடக்கத்தில் ஸ்ரீதேவிக்கு வேறொருவர்தான் குரல் கொடுத்தார்கள். குழந்தை நட்சத்திரமாக இருந்த நாஸ் பல படங்களில் பேசியிருக்கிறார். 'ஆக்ரி ராஸ்தா'வில் ரேகா பேசினார். நகைச்சுவையில் பாதி குரலில் இருக்கிறது. வேறொருவர் வாயில் பேசினால் எப்படி ஒட்டும்? 'மூன்றாம் பிறை'யையே பாலுமகேந்திரா 1983இல் 'சத்மா' என்று இந்தியில் எடுத்தார், கமலும் இவரும்தான் அதிலும். அதைப் போடுங்கள். கதை தெரியும் என்பதால் மொழி தடையாக இருக்காது.

மகாமகக்குளம் எழுதியது:

அண்ணே, குரலைப் பற்றி நீங்கள் சொன்ன தகவல் சரிதான், ஆனால் இந்தப் படத்துக்கு அது பொருந்தாது. 1989இல் 'சாந்தினி'யிலேயே சொந்தக் குரலில் பேசத் தொடங்கிவிட்டார். இவர் பார்த்த படம் அதற்கு ஏழு வருஷம் பிந்தியது. அப்புறம், 'சத்மா'வை இப்போது போட வேண்டாம். அம்மா மறுபடி அழத்தான் செய்வார், தம்பி கேட்டது சிரிக்கிற படம்.

நான் கும்பகோணத்தில் பிள்ளைகளுக்கு பரதம் சொல்லிக்கொடுப்பவள். அபிநயம் நடத்தும்போது ஸ்ரீதேவியின் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். 1981இல் வந்த 'மீண்டும் கோகிலா'வில் பெண் பார்க்கிற இடம். 'சின்னஞ்சிறு வயதில்' பாடிக்கொண்டே வந்து நடுவில் பாட்டு வரி மறந்துவிடும். அந்த ஒரு கணத்தில் கண் படுகிற அவஸ்தையைப் பாருங்கள். பயம், வெட்கம், யாராவது காப்பாற்ற மாட்டார்களா என்கிற தவிப்பு, மாப்பிள்ளை கமல் எடுத்துக்கொடுத்ததும் வருகிற ஆசுவாசம். பார்ப்பவருக்குச் சிரிப்பும் வரும், அந்தப் பெண் மேல் பாசமும் வரும். அவருடைய சிரிப்பு எப்போதும் இப்படித்தான் வரும்: ஏதாவது ஒன்று நடக்கும், அதை அவர் முகம் வாங்கிக்கொள்ளும், அப்புறம் திருப்பிக் கொடுக்கும். அதற்கு இரண்டு விநாடியாவது கேமரா காத்திருக்க வேண்டும்.

'மூன்றாம் பிறை'யில் பாலுமகேந்திரா காத்திருந்தார். நாய்க்குட்டிக்கு சுப்பிரமணி என்று பெயர் வைத்துக்கொண்டு ஸ்ரீதேவி விளையாடுவதை அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நினைவை இழந்த பெண்ணின் மனசுக்குள் நாம் போய் உட்கார்ந்துவிட்டோம். இவர் பார்த்த படத்திலோ, மற்றவர்கள் சொல்லும் பொய்யை நம்புவதற்காக மட்டுமே அவருக்கு நினைவு போயிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் அம்மா 'சும்மா நிக்க வச்சிருக்காங்க' என்றாரே, அவ்வளவுதான், ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டார்.

இந்தி தெரியாதவருக்கு என்றால் சேகர் கபூர் இயக்கிய 'மிஸ்டர் இந்தியா', 1987. அதிலும் குரல் ஸ்ரீதேவியுடையது இல்லை, ஆனால் அது ஒரு குறையாகவே தெரியாது. சாப்ளின் வேஷம் போட்டுக்கொண்டு சூதாட்ட விடுதிக்குள் போவார் பாருங்கள், எல்லாமே மீசையிலும் தொப்பியிலும் நடையிலும்தான் இருக்கும். 'ஹவா ஹவாயி' பாட்டின் தொடக்கத்தில் வருகிற சொற்கள் பலவற்றுக்கு எந்த மொழியிலும் பொருள் கிடையாது. நீங்கள் மொழிபெயர்க்கவே வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து அம்மா முகத்தைப் பாருங்கள்.

அரசலாறு எழுதியது:

'சால்பாஸ்', 1989. இரட்டை வேடம், ஒருத்தி பயந்தாங்கொள்ளி, ஒருத்தி போக்கிரி. அம்மா 'வாணி ராணி' பார்த்திருந்தால் கதை கிட்டத்தட்ட அதுதான். வாணிஸ்ரீ தமிழில் செய்ததை இந்தியில் முதலில் 'சீதா அவுர் கீதா'வில் செய்தவர் நம் அம்மன்குடியில் பிறந்த ஹேமமாலினி. 'சால்பாஸில்' டாக்சி ஓட்டுகிறவராக ரஜினியும் வருவார், தெரிந்த முகம் இன்னொன்று இருந்தால் அம்மாவுக்குத் தெம்பாக இருக்கும். அந்த வருஷம் ஃபிலிம்ஃபேரில் சிறந்த நடிகை விருது இதற்குத்தான் கொடுத்தார்கள்.

ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. மோசமான படம் என்று நிறுத்திவிடாமல் உங்கள் அம்மா கடைசிவரை உட்கார்ந்திருந்தாரே, நானும் அப்படித்தான். பிடித்தவர் தோற்கிற இடத்தில் எழுந்து போக மனசு வராது.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. நேற்று மாலை மழை விட்டிருந்தது. கும்பகோணத்து அக்கா சொன்னபடி முதலில் சாப்ளின் காட்சியை மட்டும் போட்டேன், ஒன்றும் விளக்கவில்லை. முதல் நிமிஷம் அம்மாவுக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. "யாரு தம்பி இது, ஆம்பளையா?" என்றார். கண்ணைப் பார்த்ததும் பிடித்துவிட்டார். "அடியாத்தி, நம்ம மயிலு!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முடிந்ததும் "திருப்பிப் போடு" என்றார். மூன்று தடவை போட்டேன். நடவுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அத்தையும் சேற்றுக்காலோடு திண்ணையில் நின்றே பார்த்தார்.

ராத்திரி 'சால்பாஸ்' தொடங்கினோம். ரஜினி வந்து கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது, போனிலும் சார்ஜ் இல்லை. மீதியை இன்றைக்கு நடவுப் பெண்களுக்குக் கூலி கொடுத்து அனுப்பிய பிறகு பார்ப்பதாக இருக்கிறோம். அதற்கு முன்னால் தன் கண் எதிரில் போனை முழுசாகச் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார் அம்மா.