மினுங்குத இறாலும் வெல்லத் தண்ணியும்: எங்க குடும்பக் குரூப்புல

*ஆத்தங்கரை குடும்பம்*

பழையகாயல் சித்தப்பா (5:52): மூணாம் குளத்துல ராத்திரி செத்து ஒதுங்குன இறாலு இருட்டுல நீலமா மினுங்குது. செக் ட்ரேயில போட்ட தீவனம் அப்படியே கெடக்கு. எடுத்துப் பாத்தா குடல் காலி.

பாளை அத்தை (5:58): ஏ தம்பி, மினுங்குதா? மொதல்ல திருநீறு அள்ளிப் போடு.

நான், செல்வி (6:03): அத்தை 😂 அது வைப்ரியோ ஹார்வேயிங்குத பாக்டீரியாவா இருக்கும். அதுக்கு வெளிச்சம் விடுத குணம் உண்டு.

பழையகாயல் சித்தப்பா (6:05): கடைக்காரன் ஒரு பவுடர் தாரேங்கான். தீவனத்துல கலந்தா மூணு நாள்ல நிக்குமாம். டப்பாவுல பேரே இல்ல.

நான் (6:07): தொடாதிய சித்தப்பா. பேரில்லாத பவுடர்ல ஆன்டிபயாட்டிக் இருக்கலாம். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் மாதிரி ஆன்டிபயாட்டிக் எல்லாம் இறாலுக்குத் தடை பண்ணுனது. ஐரோப்பாவுல துளி மிச்சம் தெரிஞ்சாலும் சரக்கு திரும்பி வந்திரும். போதாததுக்கு வைப்ரியோவும் அந்த மருந்துக்குப் பழகிக்கிடும்.

கூடங்குளம் அத்தான் (6:15): அப்போ புரோபயாட்டிக்கா, அந்த நல்ல பாக்டீரியாவா? விலை மட்டும் யானை விலை. பிளீச்சிங்கும் சேத்துப் போட்டா சீக்கிரம் கேக்கும்லா மாமா?

நான் (6:16): ஐயோ அத்தான்! பிளீச்சிங்குல உள்ள குளோரின் நல்ல பாக்டீரியாவையும் கொன்னு போடும். குளோரின் வாடை முழுசா போன பொறவுதான் புரோபயாட்டிக்.

நான் (6:21): தின்னது போக மிஞ்சுன தீவனமும் கழிவும் அடியில கருப்புச் சேறா படியுதுல்லா, வைப்ரியோவுக்கு அதுதான் சோறு. புரோபயாட்டிக்குல உள்ள பேசில்லஸ்ங்குத நல்ல பாக்டீரியா அந்தச் சேத்தைத் தின்னு எடத்தையும் பிடிச்சுக்கிடும். பாக்கெட்டுல அது வித்து மாதிரி தூங்கிக் கெடக்கும். தவிட்டையும் வெல்லத்தையும் கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணியில கரைச்சு, பேசில்லஸைப் போட்டு, காத்து விட்டு ஊற வச்சா முழிச்சுக்கிடும். புளிச்ச வாடை வந்தா சரி. அழுகுன வாடை வந்தா கீழ ஊத்திருங்க. வெயில் ஏறுன பொறவு ஏரேட்டர ஓட விட்டுப் போடுங்க, அதுக்கும் ஆக்சிஜன் வேணும்.

பாளை அத்தை (6:24): உடன்குடி கருப்பட்டி ஒரு சிப்பம் இருக்கு, குடுத்து விடவா?

நான் (6:25): அத்தை, இறாலுக்கா கருப்பட்டி! மட்ட வெல்லம் போதும்.

கூடங்குளம் அத்தான் (6:31): பேஜ்னு ஒரு வைரஸ் வைப்ரியோவை மட்டும் தின்னுமாமே?

நான் (6:34): தின்னாது, உள்ள புகுந்து பெருகி வெடிக்க வைக்கும். இறாலுக்கோ நமக்கோ ஒண்ணும் செய்யாது. ஆனா ஒரு வகைய மட்டும் விட்டா வைப்ரியோ தப்பிக்கப் படிச்சுக்கிடும், அதனால நாலஞ்சைக் கலந்துதான் விடணும். சென்னை சிபாவுல (உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம்) ஹேட்சரிக்குன்னு, அதான் குஞ்சு பொரிக்குத எடத்துக்குன்னு, இதை ஆராய்ச்சி பண்ணிருக்காவ. இம்புட்டுப் பெரிய குளத்துக்கு நான் இப்போ அதை நம்பச் சொல்ல மாட்டேன்.

நான் (6:36): பிலிப்பைன்ஸ்ல வேற வழி. ஜிலேபி மீன் வளத்த, பாசி பூத்துப் பச்சையான தண்ணிய இறால் குளத்துக்கு விடுதாவ. அதுல இந்த மினுங்குத வைப்ரியோ பெருக மாட்டேங்கு.

பாளை அத்தை (6:37): ஜிலேபிய வீட்டுல ஒருத்தரும் தின்ன மாட்டேங்கிய, அங்கயாச்சும் மருவாதி இருக்கே.

பழையகாயல் சித்தப்பா (6:40): வெள்ளைப் புள்ளி நோய்க்கும் இந்தப் பேசில்லஸ் கேக்குமா?

நான் (6:41): கேக்காது. அது வைரஸ். அப்படிச் சொல்லி விக்கவன் ஏமாத்துதான். இன்னைக்குத் தீவனத்தைப் பாதியாக் கொறைங்க. செத்ததைப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைங்க, அடுத்த குளத்துக்கு அந்த வலையைக் கொண்டு போவாதிய. சோந்து நிக்குத இறாலை உசுரோட, ஆக்சிஜன் அடைச்ச பையில தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்குக் கொண்டு வாங்க. ஐஸ் வேண்டாம். வைப்ரியோவை வளத்துப் பாக்குத டிசிபிஎஸ் தட்டுல தடவி வச்சா நாளைக்குப் பச்சை, மஞ்சள்னு புள்ளி எழும்பும். எண்ணுனா வைப்ரியோ எம்புட்டு ஏறிருக்குன்னு தெரிஞ்சிரும்.

பாளை அத்தை (6:44): அப்போ ஞாயித்துக்கெழமை வளைகாப்புக்கு இறால் தொக்கு?

பழையகாயல் சித்தப்பா (6:45): ஒண்ணாம் குளத்துல பிடிச்சுத் தாரேன்க்கா, அது நல்லாத்தான் இருக்கு. செல்வி, பத்து மணிக்கு வாரேன். கேட்டுல சொல்லி வையி.